எழும் நிலா ஏன் இவ்வளவு பெரிது?

கேள்வி:
பௌர்ணமியன்று நாகப்பட்டினம் கடற்கரையில் மகளோடு நின்றிருந்தேன். நிலா தாம்பாளம் போல எழுந்தது. ஆசையாக செல்போனில் படம் எடுத்தால் ஒரு பொட்டுதான் விழுந்திருக்கிறது! இரவு 11 மணிக்கு மொட்டை மாடியில் பார்த்தபோது வானத்திலும் சிறுத்துவிட்டது. காற்று பெரிதாக்கிக் காட்டுகிறதா? மகள் விடாமல் கேட்கிறாள்.

பதில் 1:
காற்று காரணமில்லை. எங்கே இருந்தாலும் நிலா நம் கண்ணில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய அரை டிகிரிதான். சொல்லப்போனால் அடிவானத்தில் இருக்கும்போது நமக்குக் கொஞ்சம் தொலைவில்தான் இருக்கிறது. பெரிதாக்குவது மூளை. அடிவானம் உச்சியைவிடத் தூரம் என்று அது எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு தூரத்திலும் இதே அளவு தெரிந்தால் பொருள் பெரியதாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. தண்டவாளம் போலக் குவியும் கோடுகளுக்கு நடுவே ஒரே நீளத்தில் இரண்டு குறுக்குக்கோடு வரைந்து பாருங்கள், மேலே உள்ளது நீளமாகத் தெரியும். இத்தாலிய உளவியலாளர் மாரியோ பொன்ஸோவின் பெயரில் வழங்கும் மாயத்தோற்றம் அது. ஆனாலும் நிலாவுக்கு இது ஒன்றே முழு விளக்கம் என்று எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை.

பதில் 2:
காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். கடலும் படகும் மறைந்ததும் நிலா சுருங்கும்.

கேள்வி கேட்டவர்:
நேற்று செய்து பார்த்தோம், உண்மைதான்! ஆனால் காரணம் தெரிந்த பிறகும், குழாயை எடுத்தால் மறுபடி தாம்பாளம்தான். மகள் பத்து முறையாவது எடுத்து எடுத்துப் பார்த்தாள்.