சித்திரை பிறக்கும் முன்னே, பிள்ளைகளோடு ஒரு நாள்

கடலூர் அம்மா:

பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் வீட்டில் "எங்கம்மா போறோம்?" ஆரம்பித்துவிடும். போன வருஷம் ஒரே நாளில் மூன்று இடம் என்று திட்டம் போட்டு, காலையில் சாவகாசமாகக் கிளம்பினோம். மூன்று மணி வெயிலில் சின்னவளுக்கு வாந்தி, ராத்திரி முழுக்கக் காய்ச்சல். அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். இனி கோடையில் ஒரு நாளைக்கு ஓரிடம்தான், அதுவும் பதினொரு மணிக்குள்.

இந்தப் பங்குனிக் கடைசியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனோம். நான், கணவர், மாமியார், எட்டு வயதுப் பையன், நாலு வயதுப் பெண். விடியுமுன் கிளம்பி, சிதம்பரம் சாலையில் வந்து, கிள்ளை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் மோட்டார் படகுதான் வேண்டும் என்றார்கள். நான் பிடிவாதமாகத் துடுப்புப் படகு எடுத்தேன். மோட்டார் சத்தத்தில் ஒரு பறவை பக்கத்தில் நிற்காது, குறுகலான ஓடைக்குள் நுழையவும் துடுப்புப் படகுதான் சரி.

திறந்த தண்ணீரில் இருந்தவரை எட்டரை மணிக்கே முகம் எரிந்தது. ஓடைக்குள் திரும்பியதும் இரண்டு பக்கக் கிளைகளும் மேலே சேர்ந்து பந்தல் போட்டிருந்தன. அப்படியொரு குளுமை. சுரபுன்னை மரங்கள் வளைந்த வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நின்றன. "மரம் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நிக்குதும்மா" என்றான் பையன். கரைச் சேற்றில் குட்டி நண்டுகள். ஒரு கை மட்டும் பெரிதாக, அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

படகோட்டி ஐம்பது வயதிருப்பார். துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு வெண்கண்டல் கிளையை இழுத்துப் பிடித்தார். இலைமேல் மாவு தூவியதுபோல் ஏதோ மினுமினுத்தது. "தம்பி, இத விரலால தொட்டு நாக்குல வச்சுப் பாரு" என்றார். வைத்தான். "உப்பு!" என்று அவன் கத்தியதில் பக்கத்துக் கிளையிலிருந்து ஒரு கொக்கு எழுந்து பறந்துவிட்டது.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. அவரும் சலிக்காமல் சொன்னார். இந்த மரம் உப்புத் தண்ணீரையே குடித்து வளர்கிறது. உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் இலைமேல் தங்கிவிடுகிறது. சுரபுன்னையின் வழி வேறு, அது உப்பில் பெரும்பங்கை வேரிலேயே தடுத்து நிறுத்திவிடும். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். புத்தகத்தில் படித்து மறந்ததை என் பிள்ளை நாக்கால் படித்துக்கொண்டான்.

இதைப் பார்த்த சின்னவள் அடுத்த மரத்து இலையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவர் சட்டென்று படகைத் தள்ளி விலக்கினார். "அதத் தொடாத பாப்பா, அது தில்ல." தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. தயவுசெய்து அங்கே போகிறவர்கள் படகோட்டி சொல்லாமல் எந்த இலையையும் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

என் மாமியாரோ அந்த மரத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். "இதுவா தம்பி தில்ல?" சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே இந்த மரத்தால் வந்தது, கோயிலின் தலமரமும் இதுதான். அறுபது வருஷமாக நடராஜரைக் கும்பிடுகிறவர், மரத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எப்படிப் பிழைத்தன என்று படகோட்டி சொல்லச் சொல்ல, அவர் அந்த மரங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பத்தரைக்கு இறங்கிவிட்டோம். சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டோம். கொண்டுபோனது தொப்பி, தண்ணீர், ஒரு பெரிய பாட்டில் மோர். படகில் ஏறிய பிறகு எதுவும் கிடைக்காது, அதனால் மோரை மறக்காதீர்கள்.


மதுரைக்காரர்:

எங்களுக்கு, அகழாய்வு நடந்த கீழடி பக்கம். மதுரையிலிருந்து அரை மணி நேரம்தான். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து போக வேண்டும் போக வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தோம். இந்தத் தடவை சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஊருக்குள் சேர்வதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போய்விட்டோம். என் அம்மாவையும் கூட்டிப்போனோம்.

கட்டடம் செட்டிநாட்டு வீடு மாதிரி, தூணும் முற்றமுமாக இருக்கிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. முதல் பத்து நிமிஷம் "அப்பா, பானைதானே?" என்ற முகத்தோடு நடந்தாள். எழுத்துக் கீறிய பானை ஓடுகளிடம் வந்ததும் நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் 'க' என்பது கூட்டல் குறி மாதிரி இருக்கும். அவ்வளவுதான், ஒவ்வொரு ஓட்டிலும் கூட்டல் குறி தேட ஆரம்பித்துவிட்டாள். 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறிய ஓடுகள் கீழடியில் கிடைத்திருக்கின்றன. "அவங்க பானைன்னு தெரியறதுக்கா பேர் எழுதுனாங்க? என் டிபன் பாக்ஸ்ல அம்மா எழுதுன மாதிரியா?" என்று கேட்டாள். இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

அம்மாதான் சில்லுகளிடம் நின்றுவிட்டார். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லு. பக்கத்தில் பகடைக்காய்கள். கண்ணாடிமேல் விரலை வைத்து, "ஏத்தா, இது நாங்க பாண்டி வெளையாடுன சில்லுடி" என்றார் பேத்தியிடம். "அப்பத்தா, இது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி உள்ளது." "இருக்கட்டும்டி. ஓரத்தப் பாரு, கல்லுல தேச்சது. நானும் இப்படித்தான் தேச்சேன்."

திரும்பும் வழியில் நுங்கு வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கொல்லையில் கிடந்த ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்து, துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. கொஞ்சம் தேய்ப்பார், திருப்பிப் பார்ப்பார், மறுபடியும் தேய்ப்பார். சாயங்காலம் வெயில் இறங்கினதும் வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டு இரண்டு பேரும் ஆடினார்கள். அம்மா நின்ற இடத்திலிருந்தே சில்லை எறிவார், அவருக்கும் சேர்த்து மகள் நொண்டியடித்தாள். அந்தச் சில்லு இப்போது அவள் பென்சில் டப்பாவில் இருக்கிறது.


குளித்தலையிலிருந்து:

நாங்கள் எங்கேயும் போகவில்லை, காவிரிக்குள்தான் போனோம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும். அதுவரை இங்கே பெரும்பாலும் மணல்தான், நடுவில் ஒரு ஓரமாக மெல்லிசாகத் தண்ணீர் ஓடும். சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் பிள்ளைகள் "ஆறு எங்க சித்தப்பா?" என்று கேட்டது எனக்குச் சுருக்கென்று இருந்தது. இவர்களுக்கு ஆற்றைக் காட்டாமல் அனுப்புவதில்லை என்று மறுநாள் ஆறு மணிக்கு அழைத்துப்போனேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றில் எங்கே இருக்கும் என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. தேங்கிய தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று தோன்றும், ஆனால் ஆளையே விழுங்கும். உள்ளூர்க்காரர் யாராவது கூட இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். நான் சின்ன வயதிலிருந்து தெரிந்த இடத்தில், ஓடும் தண்ணீரிலிருந்து தள்ளி, மேட்டு மணலில்தான் உட்கார வைத்தேன்.

ஊற்று தோண்டச் சொல்லிக்கொடுத்தேன். கையால் மேல் மணலை ஒதுக்கினால் சூடு. நாலு விரல்கடை கீழே போனால் குளிர்ச்சி. முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்து ஈரமாகும். அதற்குமேல் அவசரப்பட்டால் பக்கம் சரிந்து மூடிக்கொள்ளும், அணைத்து அணைத்துத்தான் எடுக்க வேண்டும். முதலில் கலங்கல் வரும். அதை இறைத்து ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் நாலு பேரும் குப்புறப் படுத்து அந்தக் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. அடி மணல் மெல்ல அசைந்தது. தண்ணீர் ஊறி, தெளிந்து, சின்னவன் முகம் அதில் தெரிந்தது.

"சித்தப்பா, ஆறு கீழ ஒளிஞ்சிருக்கு."

எட்டு மணிக்கு வெயில் சுட ஆரம்பித்ததும் கிளம்பச் சொன்னேன். போகும் முன் நாலு பேரும் கையால் அள்ளி முகம் கழுவிக்கொண்டார்கள். குழியை மூட வேண்டாம், குருவி வந்து குடிக்கட்டும் என்றாள் பெரியவள். அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.