'நல்ல இன்னிங்ஸ்' என்றார்கள். நான் எந்த அணி என்று கேட்டேன்

ஷெஃபீல்டு வாசி:

வட இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் எனக்கு எதிரே உட்காருபவரின் அப்பா 91 வயதில் காலமானார். இரண்டு வாரம் கழித்துத்தான் அடக்கம். நம் ஊரில் அதற்குள் கருமாதியே நெருங்கிவிடும். கறுப்பு உடையில் போய் நின்றேன். எல்லாம் முடிந்து ஒரு பப்பின் மாடி அறையில் தேநீரும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். அங்கே ஒரு பெரியவர் நண்பரின் கையைக் குலுக்கி, "ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்" என்றார். இன்னொரு அம்மாளும் வந்து அதையே சொன்னார். நண்பரும் புன்னகையோடு தலையாட்டினார்.

எனக்குச் சந்தோஷம். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவனுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே! "உங்கள் அப்பா எந்த அணிக்கு ஆடினார்?" என்று கேட்டேன். நண்பர் ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு, சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்தார். அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாதாம், கால்பந்துதானாம். நிறைவாக நெடுநாள் வாழ்ந்து போனார் என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினார்.

"எங்களிடமும் இதற்கு ஒரு சொல் உண்டு, கல்யாணச் சாவு" என்று ஆரம்பித்தேன். அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். "யாருடைய கல்யாணத்தில் இறந்தார்?" என்று கவலையோடு கேட்டார். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது, மேளம், பொரி இறைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

அன்று முதல், பேச்சில் வரும் கிரிக்கெட் சொற்களுக்குக் காதைத் தீட்டிக்கொண்டேன். அலுவலகத்தில் 'க்ளோஸ் ஆஃப் ப்ளே'க்குள் அறிக்கை வேண்டும் என்றால் அன்று வேலை நேரம் முடிவதற்குள் என்று பொருள். நாமாக ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்தால் 'ஆஃப் யுவர் ஓன் பேட்'. எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்டிக்கி விக்கெட்'. ஆடுகளத்தை மூடிவைக்கும் வழக்கம் இல்லாத காலத்தில், மழையில் நனைந்த தரை வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. சங்கடமான இடத்தில் மாட்டிக்கொண்டவரை அங்கே நிற்பதாகச் சொல்கிறார்கள்.

கால்பந்துக்காரர்கள் தங்கள் சொத்துபோலக் கொண்டாடும் 'ஹாட்ரிக்' கூட கிரிக்கெட்டில் பிறந்த எங்கள் ஷெஃபீல்டுச் சரக்குதான். 1858இல் இங்கே ஹைட் பார்க் மைதானத்தில் எச்.எச்.ஸ்டீவன்சன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார். வந்தவர்கள் காசு சேர்த்து அவருக்குத் தொப்பி வாங்கித் தந்தார்கள் என்பது கதை. நண்பரிடம் இதைச் சொல்லிக் காட்டினேன். அவருக்கே தெரியாது.

லீட்ஸ் நர்ஸ்:

அண்ணா, உங்களுக்காவது சிரிப்போடு போயிற்று. முதியோர் இல்லத்தில் எனக்கு இரண்டாவது வாரம். ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, லவ்" என்றார். ஏதோ வாங்க ஆசைப்படுகிறார் போலும் என்று அலமாரியிலிருந்த கைப்பையைத் தேடி எடுத்து மடியில் வைத்தேன். அவர் பையைத் தள்ளிவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். நான் சில்லறையை எடுத்துக் கையில் வைத்தேன். அவர் கண்ணில் தெரிந்த தவிப்பை என்னால் மறக்க முடியாது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. படுக்கை விரிப்பை மாற்றும்போது உடன் வேலை செய்பவர்தான் சொன்னார்: பொதுக் கழிப்பறைக் கதவுக்கு ஒரு பென்னி போட வேண்டியிருந்த காலத்துப் பேச்சு அது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைத்த கழிப்பறைகளுக்கு அதுதான் கட்டணம். (அதுவும் ஹைட் பார்க்தான், ஆனால் லண்டன் ஹைட் பார்க்.) நாம் 'ஒன்றுக்கு' என்கிறோம், அவர்கள் ஒரு பென்னி என்கிறார்கள். இளையவர்கள் வாயில் இதை நான் கேட்டதில்லை. பாட்டிகள் இருக்கும்வரை இருக்கும்.

பார்ன்ஸ்லிக்காரன்:

பக்கத்து வீட்டில் சாயங்காலம் ஐந்தரைக்கு 'டீ'க்குக் கூப்பிட்டார்கள். வெறும் தேநீர்தானே என்று நாலரைக்கே சோறும் வத்தக்குழம்பும் ஒரு பிடி பிடித்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு போனேன். மேசையில் மசித்த உருளைக்கிழங்குக்கு அடியில் கொத்துக்கறி, பட்டாணி, கேரட், ஆவி பறக்க! இந்தப் பக்கம் பலருக்கு மதியச் சாப்பாடு 'டின்னர்', மாலைச் சாப்பாடு 'டீ'. சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் நம் ஊரில் விடுவார்களா? கையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு வாயாவது ஊட்டாத குறையாகக் கொடுப்பார்கள். இவர்கள் "ஓ, சரி" என்று என் தட்டை எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேநீர் கடைசிவரை வரவே இல்லை.