அஜெண்டாவில் புதிய வழக்குகளின் வாய்தாக்கள் மட்டும் வரவில்லை – உதவி தேவை

மேயோஹால் ஜூனியர்:
வணக்கம். பெங்களூரில் எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தின் வழக்கு நாட்குறிப்பு முழுவதும் ஈமேக்ஸ் உரைத்திருத்தியின் குறிப்பேட்டு வசதியான ஆர்க் மோடில்தான் இருக்கிறது. பழைய வழக்குகளின் வாய்தாக்கள், எல்லாவற்றையும் நாள்வாரியாகத் திரட்டிக் காட்டும் அதன் அஜெண்டாவில் ஒழுங்காக வருகின்றன. புதிய வழக்குகளுடையவை மட்டும் வருவதில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் தேதி இருக்கிறது. ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பையும் பார்த்துவிட்டேன், அதில் குறை எதுவும் இல்லை. மறுநாள் மேயோ ஹால் நீதிமன்றங்களுக்கு யார் போவது, சிட்டி சிவில் நீதிமன்றத்துக்கு யார் போவது என்பதை சீனியர் இந்த அஜெண்டாவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். புதிய வழக்கு ஒன்றில் எதிர்வழக்குரைக்கான, அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதிலுக்கான, கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர்கள் விரைவாக வழி சொல்லுங்கள்.

கப்பன் பூங்கா:
அவசரம் புரிகிறது. ஆனால் இந்த விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. ஈமேக்ஸ், ஆர்க் இரண்டின் பதிப்பு எண் என்ன? புதிய வழக்குகளின் கோப்புகள் பழையவை இருக்கும் அதே கோப்புறையில் இருக்கின்றனவா, உள்ளே வேறொரு கோப்புறையில் இருக்கின்றனவா? அஜெண்டா எந்தக் கோப்புகளைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஆர்க்-அஜெண்டா-ஃபைல்ஸ் என்ற மாறிக்கு அமைப்புக் கோப்பில் என்ன மதிப்புக் கொடுத்திருக்கிறீர்கள்? வராத வழக்கு ஒன்றின் தலைப்பையும் தேதி வரியையும், கட்சிக்காரர் பெயரை நீக்கிவிட்டு, அப்படியே இங்கே இடுங்கள்.

மாட்டுங்காவாசி:
பதிப்பு எண்ணெல்லாம் தேவையே இல்லை. இது அடைப்புக்குறிச் சிக்கல்தான். <2025-07-14 திங்கள்> என்று கோண அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது செயல்படும் தேதி, அஜெண்டாவில் வரும். [2025-07-14 திங்கள்] என்று சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது வெறும் குறிப்பு. அஜெண்டா அதைத் தொடாது. மும்பையில் எங்கள் அலுவலகத்தில் இதே குறையோடு வந்த எல்லோருக்கும் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கிறது. புதிய கோப்புகளில் யாரோ சதுர அடைப்புக்குறி போடுகிறார்கள். மாற்றிப் பாருங்கள்.

விசைப்பலகை:
கையேட்டை ஒருமுறை படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் வழக்கம் இங்கே குறைந்துகொண்டே போகிறது. கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் ஆர்க் அதற்குள் நேரடியாக இருக்கும் கோப்புகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும், உட்கோப்புறைகளுக்குள் இறங்காது என்பது ஆர்க் மோடைத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டியது. ஆண்டுவாரியாகக் கோப்புறை பிரித்திருப்பீர்கள். இந்த ஆண்டின் வழக்குகள் உள்ளே இருக்கும். “குறை எதுவும் இல்லை” என்று சொல்வதற்கு முன் குறை எது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மேயோஹால் ஜூனியர்:
ஈமேக்ஸ் 29, ஆர்க் 9.6. எல்லா வழக்குகளும் ஒரே கோப்புறையில்தான் இருக்கின்றன, உட்கோப்புறை கிடையாது. அமைப்புக் கோப்பில் அந்தக் கோப்புறையின் பெயரைத்தான் கொடுத்திருக்கிறது. முன்பு இங்கிருந்த சக வழக்கறிஞர் எழுதிவைத்தது, அதை நான் மாற்றவில்லை. அடைப்புக்குறி கோணமானதுதான். வராத வழக்கு ஒன்றில் இருப்பது: முதல் நட்சத்திரத் தலைப்பில் அசல் வழக்கின் எண், அடுத்த வரியில் ஷெட்யூல்ட் என்ற சொல்லும் <2025-07-14 திங்கள்> என்ற தேதியும், அதன் கீழே பண்புப் பெட்டிக்குள் சிஎன்ஆர் எண், அதாவது வழக்கின் தனி அடையாள எண்.

கரோல்பாக் வாசகர்:
கிழமை தமிழில் இருப்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது. கணினியின் மொழியமைப்பை அண்மையில் தமிழுக்கு மாற்றியிருந்தால், பழைய கோப்புகளில் கிழமை ஆங்கிலத்திலும் புதியவற்றில் தமிழிலும் இருக்கும். பழையவை வந்து புதியவை வராமல் இருப்பதற்கு அது சரியாகப் பொருந்துகிறதே.

கப்பன் பூங்கா:
பொருந்துவதுபோல் தெரிந்தாலும் அது காரணமாக இருக்க முடியாது. தேதியைப் படிக்கும்போது ஆர்க் ஆண்டு, மாதம், நாள் ஆகிய எண்களையே எடுத்துக்கொள்கிறது. கிழமையின் பெயர் நம் கண்ணுக்காக எழுதப்படுவது. எந்த மொழியில் இருந்தாலும், தவறான கிழமையாகவே இருந்தாலும், அஜெண்டா சரியான நாளில்தான் காட்டும். ஜூனியர் அவர்களே, வராத வழக்கின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அஜெண்டா கட்டளைப் பட்டியல் தோன்றியதும் இடப்புறக் கோணக்குறியை ஒருமுறை அழுத்தி, பிறகு அந்த வாரத்தைக் கேளுங்கள். அந்தக் குறி அஜெண்டாவை அந்த ஒரு கோப்புக்குள் கட்டுப்படுத்தும். வாய்தா அப்போது தெரிந்தால் தேதியிலோ தலைப்பிலோ குறையில்லை, கோப்பு பட்டியலில் இல்லை என்பதே குறை என்று உறுதியாகிவிடும்.

விசைப்பலகை:
அது இருக்கட்டும். வாய்தாவுக்கு ஷெட்யூல்ட் போட்டிருப்பதே அடிப்படையில் பிழை. ஆர்க்கில் ஷெட்யூல்ட் என்பது ஒரு வேலையை எந்த நாளில் தொடங்கப்போகிறோம் என்பதைக் குறிப்பது. குறிப்பிட்ட நாளில் நடக்கும் சந்திப்பைக் குறிப்பதல்ல. நாளும் நேரமும் கொண்ட நிகழ்வுக்கு வெறும் தேதியைப் போடுவதே முறை என்று கையேடு தெளிவாகவே சொல்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் ஆர்க்கைத் தொடங்கினார். 2007இல் வெளிவந்த ஈமேக்ஸ் 22 முதல் அது ஈமேக்ஸோடு சேர்ந்தே வருகிறது. இவ்வளவு காலமாக எழுதிவைத்திருக்கும் ஒன்றைப் பார்க்காமல் ஆளுக்கொரு முறையை வகுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

சிவாஜிநகர் வக்கீல்:
விசைப்பலகை ஐயா சொல்வது கையேட்டின்படி சரி. நீதிமன்ற வேலைக்கு அது ஒத்துவராது. வெறும் தேதி அந்த ஒரு நாளில் மட்டும் தெரியும், மறுநாள் மறைந்துவிடும். வாய்தா முடிந்து, நீதிமன்றம் அடுத்த தேதி கொடுத்து, மாலையில் அலுவலகம் திரும்பும் ஜூனியர் களைப்பில் புதிய தேதியை எழுதத் தவறினால், அந்த வழக்கு அஜெண்டாவிலிருந்து ஓசையில்லாமல் காணாமல் போய்விடும். ஷெட்யூல்ட் போட்ட வழக்கு அப்படிப் போகாது. அதை முடித்ததாகக் குறிக்கும் வரை, அல்லது புதிய தேதிக்குத் தள்ளும் வரை, இத்தனை நாளாக நிற்கிறது என்ற எண்ணோடு ஒவ்வொரு நாளும் இன்றைய பக்கத்தில் வந்து நிற்கும். தேதி தவறினால் நம் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு வரக்கூடிய தொழிலில் இந்த நச்சரிப்பைத்தான் நான் விரும்புகிறேன். எதிர்வழக்குரைக்கு மட்டும், ஆர்க்கில் கெடுவைக் குறிக்கும் டெட்லைன் போடுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 8, விதி 1இன்படி அழைப்பாணை சேர்ந்ததிலிருந்து 30 நாள், காரணம் காட்டி நீட்டித்தால் 90 நாள். ஆர்க்கின் டெட்லைன் இயல்பாக 14 நாள் முன்பே எச்சரிக்கத் தொடங்கும். போதாதென்றால் தேதிக்குள்ளேயே கழித்தல் குறியோடு நாள்கணக்கை எழுதி நீட்டிக்கொள்ளலாம்.

விசைப்பலகை:
முடிந்துபோன வாய்தாக்கள் இன்றைய பக்கத்தில் குவிந்தால் உண்மையில் இன்றைக்கு உள்ளவை கண்ணில் படாது. அடுத்த தேதியை எழுதாமல் விடுவது அலுவலக ஒழுங்கின் குறை. அதைக் கருவியின் பொருளை மாற்றிச் சரிசெய்யக் கூடாது.

சிவாஜிநகர் வக்கீல்:
ஒழுங்கு தவறும் நாளுக்காகத்தானே ஐயா நாட்குறிப்பு வைக்கிறோம். குவிகிறது என்றால் அத்தனை வழக்குகளுக்குத் தேதி எழுதப்படவில்லை என்று பொருள். அது கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

கப்பன் பூங்கா:
இருவரின் வாதமும் தனியாகப் பேச வேண்டியது, பேசுங்கள். இங்கே கேட்டவரின் வழக்கு ஷெட்யூல்ட் போட்டும் வரவில்லை, வெறும் தேதி போட்டாலும் வராது. ஜூனியர் அவர்களே, அந்த ஒரு கோப்புச் சோதனை என்னவாயிற்று?

மேயோஹால் ஜூனியர்:
நீங்கள் சொன்னபடி செய்தால் வருகிறது. அந்தக் குறி இல்லாமல் கேட்டால் வருவதில்லை.

கப்பன் பூங்கா:
அப்படியானால் சிக்கல் பட்டியலில்தான். இனி அமைப்புக் கோப்பில் நீங்கள் பார்த்த வரியை மட்டும் நம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஈமேக்ஸையே கேளுங்கள். கோப்பில் எழுதியிருப்பது ஒன்றாகவும், ஈமேக்ஸ் கையில் வைத்திருக்கும் மதிப்பு வேறாகவும் இருக்கலாம். கண்ட்ரோல்-ஹெச், பிறகு வி அழுத்தி, ஆர்க்-அஜெண்டா-ஃபைல்ஸ் என்று கொடுங்கள். கோப்புறையின் பெயர் ஒன்று மட்டும் வருகிறதா, கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றனவா என்பதைச் சொல்லுங்கள். அமைப்புக் கோப்பின் கடைசிப் பகுதியில் கஸ்டம்-செட்-வேரியபிள்ஸ் என்று தொடங்கும் தொகுதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மேயோஹால் ஜூனியர்:
நீளமான பட்டியல் வருகிறது. ஒவ்வொரு வழக்கின் கோப்பும் தனித்தனியாக இருக்கிறது, கோப்புறையின் பெயர் இல்லை. புதிய வழக்குகள் அதில் இல்லை. நீங்கள் சொன்ன தொகுதி அமைப்புக் கோப்பின் அடியில் இருக்கிறது. அதற்குள்ளும் இதே பட்டியல்தான்.

கப்பன் பூங்கா:
காரணம் கிடைத்துவிட்டது. ஆர்க் கோப்பு ஒன்றில் இருக்கும்போது கண்ட்ரோல்-சி, அடுத்து இடப்புறச் சதுர அடைப்புக்குறி அழுத்தினால், அந்தக் கோப்பு அஜெண்டாப் பட்டியலின் முன்னால் சேர்க்கப்படும். சேர்க்கும்போது ஆர்க் ஏற்கெனவே கொடுத்திருந்த கோப்புறையை விரித்து, அந்த நொடியில் அதற்குள் இருந்த கோப்புகள் எல்லாவற்றின் பெயரையும் தனித்தனியாக எழுதி, அந்தப் பட்டியலை அமைப்புக் கோப்பின் அடியில் நிலையாகச் சேமித்துவிடுகிறது. மேலே நீங்கள் பார்த்த வரி கோப்புறையைத்தான் சொல்கிறது; ஆனால் ஈமேக்ஸ் மேலிருந்து கீழே படிப்பதால், அடியில் உள்ள பட்டியல் பிறகு வந்து அதை மாற்றிவிடுகிறது. அந்த விசை அழுத்தப்பட்ட நாள்வரை திறக்கப்பட்ட வழக்குகள் எல்லாம் பட்டியலில் இருக்கும், அதற்குப் பின் வந்தவை எவையும் இருக்காது. நீங்கள் கண்ட பழையது, புதியது என்ற பிரிவு இதுதான்.

செய்ய வேண்டியது குறைவு. அமைப்புக் கோப்பைப் படி எடுத்து வைத்துக்கொண்டு, அடியில் உள்ள தொகுதிக்குள் ஆர்க்-அஜெண்டா-ஃபைல்ஸுக்கு உரிய அடைப்பை மட்டும், திறக்கும் குறியிலிருந்து மூடும் குறிவரை, கவனமாக நீக்குங்கள். தொகுதியின் மற்ற வரிகளைத் தொட வேண்டாம். சேமித்து, ஈமேக்ஸை மூடித் திறந்து, அதே மாறியை மறுபடி கேளுங்கள். கோப்புறையின் பெயர் ஒன்று மட்டும் வர வேண்டும். பிறகு அந்த விசையையும், பட்டியலிலிருந்து நீக்கும் அதன் இணையான வலப்புற அடைப்புக்குறி விசையையும், ஆர்க்கின் விசைப் பட்டியலான ஆர்க்-மோட்-மேப்பில் செயலிழக்கச் செய்துவிடுங்கள். பலர் பயன்படுத்தும் கணினியில் அவை திறந்திருந்தால் இது திரும்ப வரும்.

விசைப்பலகை:
விளக்கம் சரியானது, இதையே நான் கேட்டிருக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் அந்த மாறியின் விளக்கக் குறிப்பையும் படியுங்கள். ஒன்று சேர்க்கிறேன். பின்னாளில் ஆண்டுவாரியாக உட்கோப்புறை பிரித்தால், டைரக்டரி-ஃபைல்ஸ்-ரிகர்சிவ்லி என்ற செயற்கூற்றால் எல்லாவற்றையும் திரட்டிக் கொடுக்கலாம் என்று பலர் எழுதுவார்கள். அது ஈமேக்ஸ் தொடங்கும்போது ஒருமுறைதான் திரட்டும். பகலில் திறக்கும் புதிய வழக்கு மறுநாள் வரை வராது. ஒரே கோப்புறையில் வைத்திருப்பது உங்கள் வேலைக்குப் போதும். முடிந்த வழக்குகளை ஆர்கைவ் செய்தால், அவை போகும் கோப்பின் பெயர் ஆர்க்கோடு முடியாமல் அடிக்கோடும் ஆர்கைவ் என்ற சொல்லும் சேர்ந்து முடிவதால், அதே கோப்புறையில் இருந்தாலும் அஜெண்டாவில் நுழையாது.

மேயோஹால் ஜூனியர்:
நீக்கிவிட்டேன். புதிய வழக்குகள் எல்லாம் வருகின்றன, எதிர்வழக்குரைக் கெடுவும் வந்துவிட்டது. ஆனால் சில வழக்குகள் இப்போது இரண்டிரண்டாக வருகின்றன. ஒன்றின் இரு வரிகளிலும் தேதி வேறு வேறாக இருக்கிறது.

மாட்டுங்காவாசி:
பட்டியலை முழுதாக நீக்காமல் விட்டிருப்பீர்கள். கோப்புறை ஒருமுறை, கோப்பு ஒருமுறை என்று இரண்டு தடவை படிக்கிறது.

கப்பன் பூங்கா:
ஒரே கோப்பை இரண்டு தடவை படித்தால் தேதி வேறுபடாது, ஐயா. இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஜூனியர் அவர்களே, இந்தக் கோப்புறை கைபேசியோடோ சீனியரின் கணினியோடோ ஒத்திசைக்கப்படுகிறதா? சிங்க்திங் போன்ற செயலி, ஒரே கோப்பு இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் மாற்றப்பட்டால், எதையும் அழிக்காமல் ஒன்றை முரண்பாட்டு நகலாக ஒதுக்கிவைக்கும். நகலின் பெயரில் நடுவே சிங்க்-கான்ஃப்ளிக்ட் என்ற சொல்லும் தேதியும் சேரும், கடைசியில் .ஆர்க் அப்படியே இருக்கும். கோப்புறையைக் கொடுத்தால் அதையும் அஜெண்டா படிக்கும். பழைய நிலையான பட்டியலில் இந்த நகல்கள் இல்லாததால் இவ்வளவு நாளும் மறைந்திருந்தன. அவற்றை அஜெண்டாவிலிருந்து விலக்க ஆர்க்-அஜெண்டா-ஃபைல்-ரெஜெக்ஸ்ப் என்ற மாறியைத் திருத்தலாம், ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைச் செய்ய மாட்டேன். நகலில் இருப்பது யாரோ நீதிமன்றத்திலிருந்து எழுதிய புதிய தேதியாக இருக்கலாம். ஈடிஃப்-ஃபைல்ஸ் கட்டளையில் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எது சரி என்று உறுதியான பிறகே நகலை அழியுங்கள்.

சிவாஜிநகர் வக்கீல்:
எது சரி என்பதை நினைவிலிருந்து முடிவு செய்யாதீர்கள், தங்கையே. சிஎன்ஆர் எண்ணை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் கொடுத்தால் அடுத்த தேதி தெரியும். நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்டையும் பாருங்கள்.

மேயோஹால் ஜூனியர்:
ஆம், ஒத்திசைவு இருக்கிறது, நகல்களும் இருந்தன. தேதி வேறுபட்ட வழக்கில் இ-கோர்ட்ஸ் காட்டுவது நகலில் உள்ள தேதியைத்தான். அதை அசல் கோப்பில் ஏற்றிவிட்டேன். சீனியருக்கும் தெரிவித்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.