கேம்பிரிட்ஜ் இன்ஜினியரிங் நேர்காணல்: ஜேஇஇ படிக்கும் பிள்ளை எப்படித் தயாராவது?

நெய்தல்:
மகள் பிளஸ் ஒன், சிபிஎஸ்இ. ஜேஇஇ கோச்சிங்கும் போகிறாள். அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறாள். அவள் பள்ளியில் யாருக்கும் இந்த நடைமுறை தெரியவில்லை. எந்தத் தேதியைக் கோட்டைவிட்டால் அதோடு முடிந்தது? நேர்காணலில் என்னதான் கேட்பார்கள், ஜேஇஇ படிப்பு போதுமா? ஒரு கன்சல்டன்ட் 'மாக் இன்டர்வியூ' பேக்கேஜ் என்று பெரிய தொகை கேட்கிறார், கொடுக்கலாமா?

பத்தரைமணி:
தேதியை மட்டும் நான் சொல்கிறேன் மேடம்.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தளம் யூகாஸ். அதில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. நமக்கு இரவு 10.30. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் மாட்டிக்கொள்வது அதற்கு முன்னாலேயே. இன்ஜினியரிங்குக்கு ஈசாட் என்ற நுழைவுத்தேர்வு கட்டாயம். அதற்குத் தனியாகப் பதிய வேண்டும், யூகாஸ் அதைச் செய்து தராது. பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும், தேர்வு அக்டோபரில். ஜனவரியிலும் ஒருமுறை ஈசாட் நடக்கும், ஆனால் கேம்பிரிட்ஜ் அதை ஏற்காது. அக்டோபரை விட்டால் அந்த வருஷம் போச்சு.

ஈசாட்டில் அவளுக்கு மூன்று பகுதிகள்: கணிதம் 1, கணிதம் 2, இயற்பியல். ஒவ்வொன்றிலும் 27 கேள்விகள், 40 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுசாக வராது. கால்குலேட்டர் கிடையாது. நெகட்டிவ் மார்க்கும் கிடையாது. ஜேஇஇ பழக்கத்தில் சந்தேகமான கேள்வியை விட்டுவிடுவார்கள். இங்கே காலியாக விடுவதில் எந்த லாபமும் இல்லை. பயிற்சிக்கு ஈசாட்டுக்கு முன்பு, 2016 முதல் 2023 வரை, இன்ஜினியரிங்குக்கு நடந்த எங்கா தேர்வின் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெயர் விஷயத்தில் கவனம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருக்கும். தேர்வு மையத்தில் அடையாள அட்டையோடு ஒத்துப்பார்ப்பார்கள். அதனால் ஈசாட், யூகாஸ் இரண்டிலுமே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள்.

ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் சேராமல் யூகாஸ் விண்ணப்பம் போகவே போகாது. அந்தச் சமயம் பார்த்து ஆயுத பூஜை விடுமுறை வரும். ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பிளஸ் டூவில் எவ்வளவு எடுப்பாள் என்ற கணிப்பையும் பள்ளிதான் தர வேண்டும். யூகாஸை அனுப்பியதும் கேம்பிரிட்ஜிலிருந்து தனியாக ஒரு கூடுதல் படிவம் மின்னஞ்சலில் வரும், அதற்கு ஒரு வாரம்போலத்தான் அவகாசம். ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ஒரே வருஷத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது.

வளைகோடு:
நேர்காணல் டிசம்பரில். ஒன்றோ இரண்டோ இருக்கும், ஒவ்வொன்றும் அரைமணி நேரம்போல. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பேச்சை வளர்ப்பது ரொம்பக் குறைவு. நேராகக் கணக்குக்குப் போய்விடுவார்கள். அங்கே ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று மாணவர்களை உட்காரவைத்துச் சொல்லித்தரும் முறை உண்டு. நேர்காணலும் அந்த வகுப்பின் சாயலில்தான் இருக்கும். இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள்.

எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி. 'லாக் எக்ஸை எக்ஸால் வகுத்தால் வரும் வளைவை வரைந்து காட்டு' என்கிறார்கள், இயல் மடக்கை. ஜேஇஇ பிள்ளை உடனே வகையிட ஆரம்பிக்கும். அதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல நிறைய இருக்கிறது: எக்ஸ் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் லாக் உண்டு; எக்ஸ் 1 ஆகும்போது வளைவு அச்சை வெட்டும்; பூஜ்யத்தை நெருங்கினால் அதலபாதாளத்துக்கு இறங்கும்; எக்ஸ் ரொம்பப் பெரிதானால் லாக் பின்தங்கிவிடுவதால் மேலிருந்து பூஜ்யத்தை நோக்கி வரும். அப்படியானால் நடுவில் எங்கோ ஓர் உச்சி இருந்தாக வேண்டும். இப்போது வகையிட்டால் உச்சி எக்ஸ் = இ (இயல் மடக்கையின் அடிமானம், சுமார் 2.718) என்ற இடத்தில், உயரம் 1/இ.

இதோடு விடமாட்டார்கள். 'இ-யின் அடுக்கு பை பெரிதா, பை-யின் அடுக்கு இ பெரிதா?' என்பார்கள். கால்குலேட்டரைத் தேடுகிற பிள்ளை தடுமாறும். இப்போதுதான் வரைந்த படத்தைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கு விடை அங்கேயே இருக்கிறது: இரண்டுக்கும் லாக் எடுத்தால், இ-யிலும் பை-யிலும் வளைவின் உயரத்தை ஒப்பிடுவதுதான் கேள்வி; உச்சி இ-யில் என்பதால் பை-யில் வளைவு தாழ்ந்திருக்கும், ஆகவே இ-யின் அடுக்கு பைதான் பெரிது. அடுத்து, 'ஏ-யின் அடுக்கு பி, பி-யின் அடுக்கு ஏ இரண்டும் சமமாக வரும் வெவ்வேறு முழு எண்கள் உண்டா, மிகை எண்களில் மட்டும் தேடு' என்று நீளலாம். அதற்கும் அதே படம். ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள் வேண்டும், ஒன்று 1-க்கும் இ-க்கும் நடுவில். அங்கே இருக்கும் ஒரே முழு எண் 2. அதற்கு ஜோடி 4.

இயற்பியலில் கேள்வி இன்னும் சாதுவாகத் தெரியும். தண்ணீரில் ஐஸ்கட்டி மிதக்கிறது, உள்ளே ஒரு இரும்புக் குண்டு. உருகியதும் நீர்மட்டம் என்ன ஆகும்? இறங்கும். மிதக்கும்வரை குண்டு தன் எடைக்கு ஈடான நீரை விலக்குகிறது, அடியில் போய் உட்கார்ந்தபின் தன் கனஅளவு நீரை மட்டுமே. விடையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அடுத்த வினாடியே 'ஏன்?' வரும்.

ஜேஇஇ பாடம் போதும், சொல்லப்போனால் கூடுதல். பழக்கம்தான் வேறு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சறுக்குவது இரண்டு இடத்தில்: மௌனமாகக் கணக்குப் போடுவது, குறிப்பு கொடுத்தும் தன் வழியையே பிடித்துக்கொண்டிருப்பது. "அந்த எல்லையில் என்ன ஆகும்?" என்று அவர்கள் கேட்டால் அது உதவி. எடுத்துக்கொள்ள வேண்டும்.

நெய்தல்:
ரொம்ப நன்றி. அவள் வேகமாகப் போடுவாள், ஆனால் பேசமாட்டாள். ஆங்கிலமும் கொஞ்சம் தயக்கம்.

மேசைவிளக்கு:
மேடம், அதற்கு பேக்கேஜ் வேண்டாம். கன்சல்டன்ட்கள் பெரும்பாலும் "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" வகைக் கேள்விக்கு மனப்பாட பதில் தயாரித்துத் தருகிறார்கள். அது இங்கே விலை போகாது. ஐசாக் தளத்தில் இயற்பியல் கணக்குகள் இலவசம், கேம்பிரிட்ஜ் நடத்துவதுதான். வாரத்துக்கு இரண்டு நாள், அங்கிருந்து அவள் பார்த்திராத ஒரு கணக்கை எடுத்து, எதிரே ஒருவரை உட்காரவைத்து 25 நிமிடம் பேசிக்கொண்டே போடட்டும். எதிரே இருப்பவருக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, அவள் பத்து வினாடி வாயை மூடினால் "இப்போ என்ன யோசிக்கிற?" என்று கேட்டால் போதும், அதை நீங்களே செய்யலாம். இலக்கணப் பிழைக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் 'சாய்வு', 'உராய்வு', 'தொடுகோடு' எல்லாம் ஆங்கிலத்தில் தடுமாறாமல் வர வேண்டும்.

யூகாஸ் விண்ணப்பத்தில் எழுத வேண்டிய தன்விளக்கக் கட்டுரை (பெர்சனல் ஸ்டேட்மென்ட்) 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாக மாறிவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு எப்படித் தயார் செய்தது, வெளியே வேறென்ன செய்தாய். மொத்தம் 4000 கேரக்டர், இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொன்றும் குறைந்தது 350. படிக்காத புத்தகத்தின் பெயரை அதில் போட்டால் நேர்காணலில் அதையே தோண்டுவார்கள்.

நேர்காணல் ஆன்லைனில். எந்தச் செயலி, எழுதுவதற்கு டேப்லெட்டா, தாளைக் காட்ட இரண்டாவது கேமராவா என்பதை நேர்காணல் நடத்தும் கேம்பிரிட்ஜ் கல்லூரி எழுதி அனுப்பும். அதே ஏற்பாட்டில் முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள். டேப்லெட்டில் பேனாவால் வளைவு வரைவது முதல் தடவை கோணலாகத்தான் வரும். டிசம்பரில் நேர வித்தியாசம் ஐந்தரை மணி, அங்கே காலை 9 என்றால் இங்கே மதியம் 2.30. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கும், ரௌட்டருக்கு இருக்காது. அதற்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுவிடுங்கள், மொபைல் ஹாட்ஸ்பாட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். முடிவு ஜனவரி கடைசியில் வரும்.