புதுப்பிப்பு: காலை நேரக் கைவேலைத் தட்டுகள்

பிள்ளைகள் வகுப்புக்குள் வந்ததும் முதல் 15 நிமிடத்துக்கு ஒர்க்‌ஷீட் வேண்டாம், கைவேலைத் தட்டுகள் (பிசைந்து விளையாடும் மாவு, கோர்க்கும் மணிகள், அடுக்கும் கட்டைகள் வைத்த தட்டுகள்) வையுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி மாவைப் பற்றித்தான்.

2 கப் மைதா, 1 கப் பொடியுப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய். தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மொத்தமாக ஊற்றினால் கையில் ஒட்டும். ஈரக்காற்று நாட்களில் உப்பு ஈரத்தை இழுப்பதால் மறுநாள் மாவு பிசுபிசுக்கும். ஒரு பிடி மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். ஆளுக்கு எலுமிச்சை அளவு உருண்டை போதும். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் மைதாவே வேண்டாம்.

மணி கோர்க்க, நூல் முனையில் 2 செ.மீ. நீளத்துக்கு டேப் சுற்றி விறைப்பாக்குங்கள். மறுமுனையில் ஒரு மணியைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் தரையெல்லாம் மணிதான்!

கட்டைகளின் சத்தத்துக்குத் தட்டில் தடித்த துணி விரித்தால் போதும்.

"நிறுத்தச் சொன்னால் அழுகிறார்கள்" என்பதற்குப் பெரும்பாலும் காரணம், 15 நிமிடத்தில் முடியாத வேலை. கோர்க்க 60 மணிகள் வைக்கும் இடத்தில் 20 வையுங்கள். முடிவதற்கு 3 நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முடிக்காததைக் கலைக்கச் சொல்லாமல், பெயர் எழுதி அலமாரியில் வைக்க ஒரு தட்டு ஒதுக்குங்கள்.