சர்ரியலிச அங்கதம்: ‘கனவுமெய்’ பொருந்துமா?

தம்பி,

மேட்டுக்குடியை நையாண்டி செய்யும் சர்ரியலிசப் படங்களுக்கு, அதாவது கனவின் தருக்கத்தில் நகரும் படங்களுக்கு, தமிழ்ப் பெயராக நீங்கள் தந்த ‘மிகையதார்த்த அங்கதம்’ ஒத்துவராது. ஒளிப்படம் போலவே தீட்டும் ஓவியவகைக்கு அந்தச் சொல் தேவை. ‘மீயதார்த்தம்’ என்றாலும் மீயொலி போல, அளவு கூடியது என்ற பொருளே முன்னுக்கு வரும். ‘மாய யதார்த்தம்’ வேறொரு கதைமரபுக்கு உரியதாகிவிட்டது.

‘கனவுமெய்’ என்று வைப்போம். 1924இல் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் தன் சர்ரியலிச அறிக்கையில் கனவும் நனவும் கரைந்து ஒன்றாகும் மெய்யைத்தான் ‘சர்ரியல்’ என்ற பெயரால் சுட்டினார்.

சொல்லைப் படத்தில் வைத்துப் பாருங்கள். சர்ரியலிச இயக்குநர் லூயி புனுவேல் 1962இல் மெக்சிகோவில் எடுத்த படத்தில், ஒபரா முடிந்து விருந்துக்கு வந்தவர்களால் வரவேற்பறையை விட்டு வெளியேற முடியவில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. ஒருவர் தவிர வேலையாட்கள் எல்லோரும் முன்னமே புறப்பட்டுவிட்டார்கள். சீமான்கள் சுவரை உடைத்துக் குழாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள், ஆட்டைப் பிடித்துச் சுட்டுத் தின்கிறார்கள். வாசலில் மந்திரம் எதுவும் காட்டப்படுவதில்லை. தடை அவர்களுடைய பழக்கவழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘மாய’ என்று போட்டால் பார்ப்பவர் சூனியக்காரனைத் தேடுவார், அங்கதம் செத்துப்போகும்.

‘அங்கதம்’ இருக்கட்டும். தொல்காப்பியம் அதைச் செம்பொருள் (வெளிப்படையாகப் பழிப்பது), கரந்தது (மறைத்துப் பழிப்பது) என்று இரண்டாக்குகிறது. இது இரண்டாவது: பழிகரப்பு.

உபதலைப்பில் ‘போடியார்’ என்று எழுதும் யோசனையை விடுங்கள். போடியார் மட்டக்களப்பின் பெருநிலக்காரர்; அவருக்கு வயல் உண்டு, வயலை மேற்பார்க்கும் முல்லைக்காரர் உண்டு. செல்வம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே எவருக்கும் தெரியும். புனுவேலின் விருந்தாளிகளிடம் நாம் காண்பது நடையுடை பாவனையை மட்டும். ‘மேட்டுக்குடி’ போதும்.

——

அண்ணன்,

‘கனவுமெய்’ சரி. ஆனால் ‘மெய்’ உடம்பையும் குறிக்கும். பிரித்து எழுதினால் ‘கனவு கண்ட உடல்’ என்று வாசிப்பார்கள். சேர்த்தே எழுத வேண்டும். இயக்கத்துக்குக் கனவுமெய்யியல், படத்துக்குக் கனவுமெய்ப்படம்.

‘கனவுப்படம்’ என்று சுருக்கவும் விடக்கூடாது. 1972இல் வந்த புனுவேல் படத்தில் விருந்துக்கு அமர்ந்தவர்களின் கோழி ரப்பராக இருக்கிறது, திரை விலகினால் எதிரே நாடகச் சபையோர். பிறகு ஒருவர் விழிக்கிறார். அந்த விழிப்பும் இன்னொருவரின் கனவுக்குள். கனவு எது, நனவு எது என்று பிரிக்கும் சொல் அங்கே உடைந்துவிடும்.

அகராதிப் பதிவு இப்படி:

கனவுமெய்யங்கதம் (பெ.): கனவின் தருக்கத்தை நனவாகவே காட்டி, ஒரு வர்க்கத்தின் ஒழுங்குமுறையைப் பழிகரப்பாக எள்ளும் கலைவகை.

‘வர்க்கத்தின்’ வேண்டுமா, ‘குழுவின்’ போதுமா?