நிஃப்டி பி.இ. பார்த்து எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாமா?

ஈரோட்டுக்காரன்:
நாலு வருஷமாக நிஃப்டி (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரு தொகை) போடுகிறேன். அலுவலகத்தில் சீனியர் ஒருவர், "நிஃப்டி பி.இ. 20க்குக் கீழே வந்தால் வாங்கு, 24ஐத் தாண்டினால் ஒதுங்கிக்கொள், அவ்வளவுதான் விஷயம்" என்கிறார். பி.இ. என்றால் பங்கின் விலை ஒரு வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. சரி, நாமே பார்ப்போம் என்று என்.எஸ்.இ. (தேசியப் பங்குச் சந்தை) தளத்தில் பழைய கணக்கை இறக்கினேன், தலை சுற்றுகிறது. 2021 மார்ச் கடைசியில் 40 பக்கம் இருந்தது, ஏப்ரல் பிறந்ததும் 33. மார்க்கெட் அப்படியொன்றும் விழவில்லையே? எக்ஸெல்லில் ஏதாவது சொதப்பிவிட்டேனா?

பேலன்ஸ்ஷீட் பைத்தியம்:
எக்ஸெல் மேல் தப்பில்லை. அதுவரை தனி நிறுவனத்தின் லாபத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள், அப்போதுதான் துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபத்துக்கு மாறினார்கள். ரிலையன்ஸ் பங்கை வாங்குகிறவர் ஜியோவுக்கும் ரீடெயிலுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார், ஆனால் பழைய கணக்கில் விலையில் ஜியோ உண்டு, லாபத்தில் கிடையாது. அப்படியானால் பி.இ. உப்பித்தானே தெரியும்? அதனால் 2021க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து சராசரி எடுக்காதீர்கள். உங்கள் சீனியரின் 20, 24 எல்லாம் அந்தப் பழைய அளவுகோலில் பிறந்தவை.

அப்புறம் தனிப் பங்குக்கு இதைப் போட்டால் இன்னும் ஏமாற்றும். டாடா ஸ்டீல் 2021-22இல் 41,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் காட்டியது, பி.இ. 4 பக்கம், பார்க்கக் கொள்ளை மலிவு. அடுத்த வருஷம் லாபம் 8,000 கோடி சொச்சம். எஃகு, சிமெண்ட் மாதிரி ஏறி இறங்கும் தொழிலில் பி.இ. குறைவாகத் தெரியும்போதுதான் பயப்படணும்.

கரடிக்குட்டி:
இப்படிக் குறை சொல்லியே எந்த விலைக்கும் வாங்கலாம் என்று ஆக்கிவிடுகிறீர்கள். ஜப்பானில் 1989 கடைசியில் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915இல் முடிந்தது, லாபத்தைப் போல அறுபது மடங்கு விலை. அந்த உயரத்தை மறுபடி தொட 2024 பிப்ரவரி ஆனது. முப்பத்துநாலு வருஷம்! பி.இ. 25 என்றால் நீங்கள் போடும் நூறு ரூபாய்க்கு நிறுவனம் சம்பாதிப்பது 4 ரூபாய், அதை அரசுப் பத்திரம் தரும் வட்டியோடு ஒரு தடவையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேலன்ஸ்ஷீட் பைத்தியம்:
@கரடிக்குட்டி ஒப்பிடலாம், ஆனால் பத்திர வட்டி வளராது, லாபம் வளரும். விலை அதிகம் என்று தெரிவது வேறு, எப்போது விழும் என்று தெரிவது வேறு. அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த கிரீன்ஸ்பான் 1996 டிசம்பரிலேயே சந்தையின் மிதமிஞ்சிய உற்சாகத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார், சந்தை 2000 வரை ஏறிக்கொண்டே போனது. 2009இல் நேரெதிர். லாபம் சுருண்டு விழுந்ததால் அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500இன் பி.இ. நூறைத் தாண்டி நின்றது, ஆனால் அதுதான் வாங்க வேண்டிய நேரம்! இந்த விசித்திரத்துக்காகத்தான் பொருளாதார நிபுணர் ஷில்லர் பத்து வருஷ லாபத்தை விலைவாசிக்குச் சரிசெய்து சராசரி எடுக்கிறார்.

ஈரோட்டுக்காரன்:
நன்றிங்க. எஸ்.ஐ.பி. ஓடட்டும். போனஸ் பணத்தை மட்டும் மொத்தமாகப் போடாமல் ஆறு மாதத்துக்குப் பிரித்துப் போடுகிறேன். 2020இல் பி.இ. 20க்குக் கீழே போன அந்தக் கொஞ்ச நாளில் வாங்கினீர்களா என்று சீனியரிடம் கேட்டேன். "அப்போ வேலையே இருக்குமான்னு தெரியலப்பா" என்றார்.